பக்கத்து நோடின் பேட்டரி

மே மாத வெயிலில் கடலூர் மாவட்டத்துப் பொறியியல் கல்லூரி ஒன்றில் எம்.இ. மாணவர்களின் கடைசி ரிவ்யூ நடந்துகொண்டிருந்தது. சிதம்பரத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வந்துபோகும் மாணவன் ஒருவன் தன் வரைபடத்தைக் காட்டினான். இரண்டு கோடுகள். கீழே இருப்பது வழக்கமான ஏ.ஓ.டி.வி. ரூட்டிங். அதைவிட்டு நன்றாக விலகி மேலே நிற்பது அவன் மாற்றியமைத்தது.

“பேட்டரி கம்மியா இருக்கற நோடை விட்டுட்டு வேற வழியில அனுப்புது சார். நெட்வொர்க் லைஃப்டைம் நல்லா கூடியிருக்கு.”

“பக்கத்து நோடுல பேட்டரி எவ்வளவு இருக்குன்னு இந்த நோடுக்கு எப்படிப்பா தெரியுது?”

“எடுத்துட்டேன் சார்.”

இந்த வார்த்தையைப் பல வருடங்களாகக் கேட்டுவருகிறேன். பேட்டரியை எடுத்துட்டேன், சிக்னல் அளவை எடுத்துட்டேன், கியூ நீளத்தை எடுத்துட்டேன், பொசிஷனை எடுத்துட்டேன். ரூட்டிங் அடுக்கில் நின்றுகொண்டு, கீழே மேக் அடுக்கிலோ ரேடியோவிலோ இருக்கும் பொருளுக்குள் கையை விட்டு ஒரு மதிப்பை எடுப்பது சிமுலேட்டர் நிரலில் அன்றாட வழக்கம். நான் படித்துப் பார்த்த வயர்லெஸ் ஆய்வேடுகளில் பெரும்பாலானவற்றின் உயிர்நாடியே அப்படி எடுத்த ஒரு மதிப்புதான். அந்த மாணவன் கெட்டிக்காரன். யாரிடமோ பென் டிரைவில் வாங்கிய நிரலை அப்படியே ஓட்டிவிட்டு வந்தவன் இல்லை. இரண்டு மாதம் உட்கார்ந்து மூல நிரலைப் படித்திருந்தான். அதனால்தான் அவனுக்குப் பதில் சொல்ல எனக்கு நேரம் பிடித்தது. இந்த வழக்கத்தை முழுதாகத் தள்ளவும் முடியாது, அப்படியே ஏற்கவும் முடியாது.

முதலில் அந்த நோடின் உடம்பைப் பார்த்துவிடலாம். என்.எஸ்-2 சிமுலேட்டரில் ஒரு வயர்லெஸ் நோட் என்பது ஒன்றன்கீழ் ஒன்றாகக் கோத்த பொருள்களின் சங்கிலி. மேலே டி.சி.பி. அல்லது யு.டி.பி. ஏஜென்ட். அதன்கீழ் ரூட்டிங் ஏஜென்ட். பிறகு லிங்க் லேயர், பாக்கெட்டுகள் வரிசையில் நிற்கும் இன்டர்ஃபேஸ் கியூ, யார் எப்போது பேசலாம் என்று முடிவுசெய்யும் மேக், கடைசியில் ரேடியோ. அதற்கும் கீழே எல்லா நோடுகளுக்கும் பொதுவான சேனல். ஒவ்வொரு பொருளுக்கும் தனக்கு மேலே யார், கீழே யார் என்பது மட்டும்தான் தெரியும். பாக்கெட்டை வாங்கும், தன் வேலையைச் செய்யும், அடுத்த கைக்குக் கொடுக்கும். ஒரு வீட்டின் சமையலறைக்குள் பக்கத்து வீட்டுக்காரர் நேராக நுழையாமல் வாசலில் நின்று கேட்பதுபோன்ற ஒழுங்கு இது.

ஆனால் இந்த வீடுகள் எல்லாமே ஒரே கணினியின் ஒரே நினைவகத்தில் இருக்கின்றன. ஐம்பது நோடுகளை ஆயிரம் மீட்டர் மைதானத்தில் பரப்பியிருப்பதாக ஸ்கிரிப்டில் எழுதுகிறோம். நிரலுக்கு அவை ஐம்பது பொருள்கள், ஐம்பது பாயிண்டர்கள். எந்தப் பாயிண்டரிலிருந்தும் எந்தப் பொருளையும் தொடலாம். சுவர் என்று நாம் சொல்வது எல்லாரும் மதிக்கும் வழக்கம்தானே தவிர, செங்கல் இல்லை.

அடுக்கு தாண்டுவதே தவறு என்று சொல்பவர்களுக்கு ஏ.ஓ.டி.வி.யின் நிரலையே திறந்து காட்டலாம். 2003 ஜூலையில் வந்த ஆர்.எஃப்.சி. 3561 அந்த நெறிமுறையின் மூல ஆவணம். பக்கத்து நோட் இன்னும் இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள அது தரும் ஒரு வழி ஹலோ செய்தி. ஒவ்வொரு நோடும் விநாடிக்கு ஒருமுறை ‘நான் இருக்கிறேன்’ என்று சொல்லும். இரண்டு ஹலோ தொடர்ந்து வராமல் போனால் தொடர்பு அறுந்தது என்று கொள்ளலாம். ஆக, அறுந்த செய்தி தெரிய ஏறக்குறைய 2 விநாடி. நம் பிள்ளைகள் வழக்கமாக ஓட்டும் போக்குவரத்து விநாடிக்கு 4 பாக்கெட். அந்த 2 விநாடியில் ஒரு பாதையில் மட்டும் 8 பாக்கெட்டுகள் இல்லாத ஆளுக்குப் போய்க்கொண்டிருக்கும்.

கீழே இருக்கும் மேக்குக்கோ இது முன்னமேயே தெரியும். பேசலாமா என்று கேட்டு அனுப்பும் சிறு செய்திக்கு ஏழு முறை முயன்றும் பதில் வரவில்லை என்றால் அது கைவிட்டுவிடும். இதற்கெல்லாம் சில பத்து மில்லி விநாடிகள்தான் ஆகும். கைவிட்ட செய்தியை மேலே சொல்லிவிட்டால் ரூட்டிங் உடனே வேறு வழி தேடலாம். ஆர்.எஃப்.சி.யே இதற்கு அனுமதி தருகிறது. என்.எஸ்-2-வில் இதை எழுதியவர்கள் அழகாகச் செய்திருக்கிறார்கள். ரூட்டிங் ஏஜென்ட் பாக்கெட்டைக் கீழே அனுப்பும்போது, ‘இது போய்ச் சேராவிட்டால் என்னை இந்த இடத்தில் கூப்பிடு’ என்று பாக்கெட்டின் பொதுத் தலைப்பிலேயே ஒரு குறிப்பை வைத்து அனுப்புகிறது. தோற்றுப்போன மேக் அந்தக் குறிப்பைப் பார்த்துக் கூப்பிடுகிறது. கூப்பிடுகிற இடத்தில் இருப்பது ஏ.ஓ.டி.வி.யா வேறு ஏதாவதா என்பது மேக்குக்குத் தெரியவே வேண்டியதில்லை.

அதோடு நிற்கவில்லை. அறுந்த திசைக்குப் போகவேண்டிய மற்றப் பாக்கெட்டுகள் இன்டர்ஃபேஸ் கியூவில் நின்றுகொண்டிருக்கும். அவற்றையும் வெளியே எடுத்தாக வேண்டும். அதற்கு ரூட்டிங் ஏஜென்டின் கையில் கியூவின் பாயிண்டர் வேண்டும். அதையும் மறைவாக எடுக்கவில்லை. நோடைக் கட்டும் டி.சி.எல். ஸ்கிரிப்ட், இந்த ஏஜென்ட் ஏ.ஓ.டி.வி.யா என்று பார்த்து, ஆம் என்றால் ‘இதோ உன் கியூ’ என்று பெயர் சொல்லிக் கொடுக்கிறது. சி++ பக்கம் அந்தப் பெயரைத் தேடிப் பொருளைப் பிடித்துக்கொள்கிறது. கட்டுகிற இடத்தில், கண்முன்னே, ஒரே ஒருமுறை நடக்கும் கைமாற்றம் அது. நிரலைப் படிப்பவர் எவருக்கும் அந்த வரி தெரியும்.

இணையத்தின் அடிமரமும் இந்த விதத்தில் தூய்மையானது இல்லை. 1981-ன் டி.சி.பி. ஆவணத்திலேயே, பிழை பார்க்கும் கூட்டுத்தொகைக்குள் தனக்குக் கீழடுக்கான ஐ.பி.யின் முகவரிகளைச் சேர்த்துக் கணக்கிடச் சொல்லியிருக்கிறது. வழிதவறி வந்த பாக்கெட்டைக் கண்டுபிடிக்க அது உதவியது. ஐ.பி. பதிப்பு 6 வந்தபோது முகவரி நீளம் மாறியது, மேலே இருக்கும் டி.சி.பி.யின் கூட்டுத்தொகை விதியையும் கூடவே மாற்றி எழுதவேண்டியிருந்தது. தாண்டியதற்குப் பலனும் கிடைத்தது, பிற்பாடு அதற்கான விலையையும் கொடுத்தார்கள்.

இப்போது என் மாணவனின் நான்கு வரிகளுக்கு வருகிறேன். முதல் வரியில் ஒரு மொபைல்நோட் பாயிண்டர். இரண்டாவது வரியில் என்.எஸ்-2 தரும் கெட்-நோட்-பை-அட்ரஸ் என்ற வசதி. ஒரு முகவரி எண்ணைக் கொடுத்தால் அந்த நோடையே கையில் தரும். மூன்றாவது வரி அந்த நோடின் பேட்டரிப் பொருளைத் தொட்டு, மீதம் எத்தனை ஜூல் என்று கேட்கிறது. நான்காவது வரி அதை ஓர் எல்லை மதிப்போடு ஒப்பிடுகிறது.

இரண்டாவது வரியின் அடைப்புக்குறிக்குள் ‘இன்டெக்ஸ்’ என்று எழுதினால் அது தன் சொந்த முகவரி. தன் பேட்டரியைத் தானே பார்ப்பதில் குற்றம் எதுவும் இல்லை. நம் கைப்பேசி தன் பேட்டரி எவ்வளவு என்று நமக்குக் காட்டவில்லையா? ரேடியோ செலவழிக்க, ரூட்டிங் அதைப் பார்த்து நடந்துகொள்கிறது. இது அடுக்கு தாண்டுவது. கருவிக்குள்ளேயே முடிந்துபோகிறது. செய்துகாட்டக் கூடியது.

அதே அடைப்புக்குறிக்குள் அடுத்த நோடின் முகவரியை எழுதினால்? வரியின் உருவம் மாறாது. கம்பைலர் ஒரு எச்சரிக்கையும் தராது. முன்போலவே நான்கு வரிகள். ஆனால் நடந்தது வேறு. இருநூறு மீட்டர் தள்ளி இருக்கும் இன்னொரு கருவியின் பேட்டரிக்குள், ஒரு பாக்கெட்டும் அனுப்பாமல், காற்றில் ஒரு பிட்டும் செலவழிக்காமல், காலம் ஒரு மைக்ரோ விநாடிகூட நகராமல் கை போய்விட்டது. என் மாணவன் எழுதியிருந்தது இதுதான். ‘அடுக்கு தாண்டினேன்’ என்று அவன் மனதார நம்பினான். அவன் தாண்டியது நோடை.

இந்த வழக்கத்தின் பெரிய குறை என்று நான் கருதுவது இதுதான். நிரல் எழுதும் ஒழுங்கு கெடுவது இரண்டாம்பட்சம். அடுக்கைத் தாண்டும் வரிக்கும் நோடைத் தாண்டும் வரிக்கும் எழுத்தில் வேறுபாடே இல்லை. முன்னதை உலகத்தில் செய்யமுடியும். பின்னதைச் செய்ய முடியாது. ஒன்றுக்குப் பழகிய கை அடுத்ததையும் அதே சொல்லைச் சொல்லிச் செய்துவிடுகிறது: எடுத்துட்டேன்.

சிக்னல் அளவை எடுப்பவர்களுக்கும் இதே பள்ளம் காத்திருக்கிறது. என்.எஸ்-2-வில் ஒவ்வொரு பாக்கெட்டும் தன்னோடு ஒரு முத்திரையைச் சுமந்து வருகிறது. எந்த வலிமையில் வந்து சேர்ந்தது என்ற அளவு அதில் இருக்கும். அதைப் படிப்பது நியாயம். நிஜ வைஃபை அட்டையும் ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் அந்த அளவைச் சொல்கிறது. ஆனால் அதே முத்திரையில் அனுப்பிய நோடின் பாயிண்டரும் இருக்கிறது. காரணம் எளிது. இருவருக்கும் இடையே எவ்வளவு தூரம், வழியில் எவ்வளவு வலிமை குறையும் என்று சேனல் கணக்கிட்டாக வேண்டும். சேனல் என்பது இயற்கை. இயற்கைக்கு எல்லாம் தெரிந்திருக்கலாம். அந்தப் பாயிண்டரை ரூட்டிங் ஏஜென்ட் பிடித்து அனுப்பியவரின் இருப்பிடத்தைப் படித்துவிட்டால், ஜி.பி.எஸ். இல்லாத கருவிக்கு அடுத்தவரின் அட்சரேகை தீர்க்கரேகை தெரிந்துவிட்டதாக ஆகும்.

எழுதியவர்களுக்கு இந்த ஆபத்து தெரிந்தே இருந்தது. என்.எஸ்-2-வில் வயர்லெஸ் ஸ்கிரிப்ட் எழுதிய எல்லோரும் ‘கிரியேட்-காட்’ என்று ஒரு வரி எழுதியிருப்பார்கள். காட் என்பது ஜெனரல் ஆப்பரேஷன்ஸ் டைரக்டர் என்பதன் சுருக்கம். எல்லா நோடுகளையும் பற்றிய முழு அறிவு அந்தப் பொருளிடம் இருக்கும். கையேடு அதைப் பற்றித் தெளிவாகவே சொல்கிறது: எல்லாம் அறிந்த பார்வையாளர் ஒருவருக்கு மட்டும் தெரியக்கூடிய செய்தியை வைக்கும் இடம் இது, சிமுலேஷனில் பங்கேற்கும் எவருக்கும் அது தெரியக் கூடாது. அந்த எச்சரிக்கையை வகுப்பில் யாரும் வாசித்துக் காட்டுவதில்லை. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2013, 2017 பாடத்திட்டங்களின் நெட்வொர்க் ஆய்வகத்தில் என்.எஸ். இருக்கிறது. நெரிசல் கட்டுப்பாட்டை ஓட்டிப் பார்க்கச் சொல்கிறார்கள். ஓட்டுகிறோம், வரைபடம் வருகிறது, ரெக்கார்டில் ஒட்டுகிறோம். யாருக்கு எது தெரியலாம், எது தெரியக் கூடாது என்ற கேள்வி அந்த ரெக்கார்டில் வருவதே இல்லை. ஆசிரியனாக அந்தக் குறையில் எனக்கும் பங்கு உண்டு.

நிரல் சார்ந்த குறைகளையும் சொல்லிவிட வேண்டும், வேகமாகவே. ஸ்கிரிப்டில் பேட்டரி மாதிரியை இயக்க மறந்துவிட்டால் அந்த மூன்றாவது வரி வெற்றுப் பாயிண்டரைத் தொட்டு செக்மென்டேஷன் ஃபால்ட்டில் விழும். ராத்திரி பதினோரு மணிக்கு போனில் வரும் ‘சார், செக் ஃபால்ட் சார்’ என்ற குரலில் பாதி இந்தக் காரணத்தால்தான். நோடை மொபைல்நோட் என்று கண்ணை மூடிக்கொண்டு மாற்றிக்கொள்வதால், கம்பிவழி நோட் ஒன்று கலந்த நெட்வொர்க்கில் நிரல் விழாமலேயே தப்பு மதிப்பைத் தரலாம். விழுவதைவிட அது மோசம். வேறொரு பொருளின் மறைவான மாறியைத் தொடுவதற்காக அதன் தலைப்புக் கோப்பில் ‘பிரைவேட்’ என்பதை ‘பப்ளிக்’ என்று மாற்றுவார்கள். அந்த மாற்றம் ஆய்வேட்டில் எங்கும் எழுதப்படாது. அடுத்த ஆண்டு மாணவர் அதே நிரலை வாங்கிச் சுத்தமான என்.எஸ்-2.35-ல் போட்டால் கம்பைல் ஆகாது.

மற்றொருவர் திரும்பச் செய்துபார்க்க முடியாமல் போவது நம் ஊர்ப் பிரச்சினை மட்டும் இல்லை. குர்கோவ்ஸ்கி, கேம்ப், கொலக்ரோசோ மூவரும் 2005-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். மொபிஹாக் என்ற பெயர்பெற்ற மாநாட்டில் 2000 முதல் 2005 வரை வந்த 151 கட்டுரைகளை எடுத்துப் பார்த்தார்கள். 114 கட்டுரைகள் சிமுலேஷனை நம்பியவை. அவற்றில் 34 எந்த சிமுலேட்டர் என்றுகூடச் சொல்லவில்லை. திரும்பச் செய்துபார்க்கக் கூடியவை நூற்றுக்குப் பதினைந்துக்கும் குறைவு. உலகத் தரமான மேடையிலேயே அந்த நிலை என்றால், எடுத்த மதிப்பு எந்த வாசல் வழியாக வந்தது என்று எழுதாமல் விடும் பழக்கம் எவ்வளவு ஆழமானது என்று பார்த்துக்கொள்ளலாம்.

நிரலை விட்டுக் கொஞ்சம் வெளியே வந்தால், அடுக்கு தாண்டலாமா என்ற வாதத்தில் சென்னை ஐ.ஐ.டி.யில் படித்த இருவர் இரண்டு பக்கங்களில் நிற்பதைப் பார்க்கலாம். ஹரி பாலகிருஷ்ணன் 1993-ல் அங்கே பட்டம் பெற்று பெர்க்லி போனவர். 1995-ல் அவரும் உடன் ஆய்வாளர்களும் கொண்டுவந்த ஸ்னூப், அடுக்கு தாண்டுவதன் நல்ல முகம். காற்றில் ஒரு பாக்கெட் தொலைந்தால் டி.சி.பி. அதை நெரிசல் என்று தவறாக எண்ணி வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. அடித்தள நிலையம் மேலடுக்கான டி.சி.பி.யின் தலைப்பை எட்டிப் பார்த்து, தொலைந்ததைத் தானே திரும்ப அனுப்பிவிட்டால் அந்தத் தவறு நேராது. அடித்தள நிலையத்துக்கும் மடிக்கணினிக்கும் இடையில் நிஜமாகவே செய்து காட்டினார்கள். என்.எஸ்-2-விலும் அது இருக்கிறது. ஆனால் பாக்கெட்டை ஐ.பி. அடுக்கிலேயே மறையாக்கிவிட்டால் டி.சி.பி. தலைப்பு தெரியாது, எட்டிப் பார்க்க ஒன்றும் இருக்காது. எட்டிப் பார்ப்பதை நம்பிக் கட்டியதற்கு அந்த எல்லை எப்போதும் உண்டு.

மற்றவர் பி.ஆர்.குமார். 1973-ல் சென்னை ஐ.ஐ.டி.யில் பட்டம் பெற்றவர். விகாஸ் கவாடியாவுடன் சேர்ந்து 2005-ல் அவர் எழுதிய கட்டுரை அடுக்கு தாண்டும் வடிவமைப்புக்கு எதிராக எச்சரித்தது. அதில் வரும் ஓர் எடுத்துக்காட்டை நான் ஒவ்வோர் ஆண்டும் கரும்பலகையில் போட்டுக் காட்டுகிறேன். சிக்னல் நன்றாக இருந்தால் வேகமாகவும் மங்கினால் மெதுவாகவும் அனுப்பும் மேக் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். தனியாகப் பார்த்தால் புத்திசாலித்தனமான மேக். அதற்கு மேலே, குறைந்த தாவல்களில் போய்ச்சேரும் வழியைத் தேடும் ரூட்டிங். அதுவும் தனியாகப் பார்த்தால் புத்திசாலி. இரண்டையும் சேர்த்து வைத்தால்? தாவல்களைக் குறைக்க ரூட்டிங் தூரத்து நோடுகளையே தேர்ந்தெடுக்கும். தூரம் என்றால் சிக்னல் மங்கல். மங்கல் என்றால் மேக் மெதுவாகத்தான் அனுப்பும். மொத்த வேகம், இந்தப் புத்திசாலித்தனம் எதுவும் இல்லாத பழைய மேக்கைவிடக் கீழே போய்விட்டது. இங்கே ஒருவர் மற்றவரின் பாயிண்டரைத் திருடவில்லை. ஓர் அடுக்கின் முடிவு மற்ற அடுக்கின் நிலத்தை அசைத்துவிட்டது, அவ்வளவுதான்.

இருவரையும் படித்த பிறகு எனக்குக் கிடைத்த தெளிவு, படிப்பது வேறு, திருப்புவது வேறு என்பது. எங்கள் பக்கத்து வீராணம் ஏரியை வைத்துத்தான் இதை மாணவர்களுக்குச் சொல்வேன். கொள்ளிடத்தின் கீழணையிலிருந்து வடவாற்றில் தண்ணீர் வந்து ஏரியில் சேர்கிறது. முழு மட்டம் 47.5 அடி. இன்றைக்கு எத்தனை அடி என்று நாளிதழில் வருகிறது. கடைமடை விவசாயி டீக்கடையில் அதைப் படித்துவிட்டு நாற்றங்காலை இப்போது போடலாமா, பத்து நாள் பொறுக்கலாமா என்று முடிவு செய்கிறார். ஏரியின் உள்நிலை அவருக்குத் தெரிகிறது, அதனால் எந்தக் குழப்பமும் இல்லை. அவரே போய் மதகின் ஷட்டரைத் திருப்பினால் கதை வேறு. அவருக்கு மேலே எத்தனை வாய்க்கால், எந்த ஊருக்கு எந்த முறை என்பது மதகடியில் நிற்பவருக்குத்தான் தெரியும். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். நாளிதழில் வருவது நேற்றைய மட்டம். அவர் கைக்கு வந்து சேரும்போது அதற்கு ஒரு நாள் வயது ஆகிவிட்டது. அந்த வயதையும் கணக்கில் வைத்துத்தான் அவர் முடிவெடுக்கிறார்.

கீழடுக்கின் மதிப்பைப் படிக்கும் நிரலைப் பெரும்பாலும் காப்பாற்றிவிடலாம். கீழடுக்கின் மதிப்பை மேலிருந்து மாற்றும் நிரலை, ரூட்டிங் ஏஜென்ட் மேக்கின் காத்திருப்பு நேரத்தை நேராகத் திருத்துவது போன்றதை, நான் மிகுந்த சந்தேகத்தோடுதான் பார்ப்பேன். இரண்டு கைகள் ஒரே ஷட்டரில் இருக்கும்போது எந்தக் கை எப்போது திருப்பியது என்பதை, சிமுலேட்டர் நடந்ததைப் பதிந்துவைக்கும் டிரேஸ் ஃபைலை வைத்துக்கூடக் கண்டுபிடிப்பது கடினம்.

என்.எஸ்-2.35 வெளியானது 2011 நவம்பரில். அதோடு அந்தக் கிளை ஏறக்குறைய நின்றுவிட்டது. முதல் பதிப்பு 2008-லேயே வந்துவிட்ட என்.எஸ்-3 இந்தப் பிரச்சினையை வேறுவிதமாக அணுகுகிறது. அதில் பொருள்கள் நோடோடு சேர்த்துக் கட்டப்படுகின்றன. ‘உன்னிடம் இடப்பெயர்ச்சி மாதிரி இருக்கிறதா?’ என்று நோடைக் கேட்டால் இருந்தால் தரும், இல்லையென்றால் வெற்றுக் கை காட்டும். மேக்கில் நடப்பதைத் தெரிந்துகொள்ள, அது தானே அறிவிக்கும் டிரேஸ் மூலங்கள் உண்டு. அங்கே உள்ள ஏ.ஓ.டி.வி. நிரல் முதலில் கீழே இருப்பது வைஃபை கருவிதானா என்று பார்க்கிறது. ஆம் என்றால் மேக்கின் தோல்வி அறிவிப்புக்குக் காது கொடுக்கிறது. இல்லையென்றால் அந்த உதவி இல்லாமலே வேலை செய்கிறது. என்.எஸ்-2-வில் குறிப்பு வைத்து அனுப்பிய அதே ஆசை, இங்கே ஒழுங்கான வாசலாக மாறியிருக்கிறது. ஓம்நெட்++ சிமுலேட்டரின் சிக்னல் முறையும் இதே இனம்தான்.

புதிய சிமுலேட்டருக்கு மாறிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று சிலர் சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. என்.எஸ்-3-லும் நோடுகளின் பட்டியல் எல்லோருக்கும் திறந்தே கிடக்கிறது. எண்ணைக் கொடுத்தால் எந்த நோடும் வரும். ஸ்மார்ட் பாயிண்டர் செக்மென்டேஷன் ஃபால்ட்டைக் குறைக்கும், அடுத்தவன் பேட்டரியைப் படிக்காதே என்று தடுக்காது. மொழியோ கருவியோ இந்த வேலையைச் செய்து தராது. ரிவ்யூ மேசையின் எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருக்கும் நாம்தான் கேட்டாக வேண்டும்: இந்த மதிப்பு எந்தப் பாக்கெட்டில் ஏறி வந்தது? வந்து சேரும்போது அதற்கு வயது என்ன?

இதில் நான் இவ்வளவு பிடிவாதமாக இருப்பதற்குக் காரணம் இந்த ஊர்தான். 2004 டிசம்பர் 26 சுனாமி தேவனாம்பட்டினத்தையும் சாமியார்பேட்டையையும் என்ன செய்தது என்று இங்கே யாருக்கும் சொல்லத் தேவையில்லை. 2011 டிசம்பர் 30 காலை தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையில் கரையேறியது. பண்ருட்டியின் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன. நாள்கணக்கில் கரண்ட் இல்லை. இருந்த பேட்டரியை மிச்சம் பிடித்து, வீட்டில் இருப்பவர்களுக்கு ‘நல்லாயிருக்கோம்’ என்று ஒரு வார்த்தை சொல்ல ஜனங்கள் அலைந்தார்கள். கோபுரம் விழுந்த ஊரில் கைக்கருவிகள் தங்களுக்குள் கைகோத்துச் செய்தி கடத்துவதுதான் இந்த மாணவர்கள் ஆராயும் நெட்வொர்க். அவர்களுடைய ஆய்வேட்டு முன்னுரைகளில் சுனாமியும் புயலும் வராமல் இருப்பதில்லை. வெறும் சம்பிரதாயத்துக்கு எழுதுவதாக நான் நினைக்கவில்லை. அந்த அலையைப் பார்த்த குடும்பங்களிலிருந்து வந்தவர்கள் அவர்கள். அப்படியென்றால், பேட்டரி குறைந்த நோடைத் தவிர்க்கும் நெறிமுறை, பேட்டரி குறைந்திருப்பதை இருட்டில், மழையில், காற்று வழியாக எப்படித் தெரிந்துகொள்கிறது என்பதுதான் ஆய்வே. அந்த இடத்தில் ‘எடுத்துட்டேன்’ என்றால் ஆராயவேண்டியதைத் தாண்டிப் போய்விட்டோம் என்று அர்த்தம்.

இதையெல்லாம் அன்றைக்கு அவனிடம் இவ்வளவு கோவையாக நான் சொல்லவில்லை. “பேட்டரி அளவை ஹலோவுல வச்சு அனுப்பிப் பாருப்பா” என்றேன். பத்து நாள் கேட்டான்.

அந்தப் பத்து நாளில் அவன் கற்றுக்கொண்டதை எந்த வகுப்பிலும் நான் கற்றுக்கொடுத்திருக்க முடியாது. முதலில், என்.எஸ்-2-வின் ஏ.ஓ.டி.வி.யில் ஹலோ வழக்கமாக ஓடுவதே இல்லை என்று கண்டுபிடித்தான். மேக் தோல்வியைச் சொல்லிவிடுவதால் அது அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது. அதை இயக்கினான். உடனே காற்றில் நெரிசல் கூடியது, முதல் வரைபடத்தின் அழகு கொஞ்சம் குறைந்தது. பிறகு, ஹலோவின் கட்டமைப்பில் பேட்டரிக்கென்று எட்டு பைட் மாறி ஒன்றைச் சேர்த்தான். சேர்த்தும் டிரேஸ் ஃபைலில் பாக்கெட் அளவு மாறவில்லை. தேடிப் போனதில், அந்த வகைப் பாக்கெட்டின் அளவு தனியாக ஒரு சிறு நிரலில் 24 பைட் என்று கையால் எழுதப்பட்டிருப்பது தெரிந்தது. நீங்கள் உள்ளே எதைத் திணித்தாலும் காற்றில் 24 பைட்டுக்குத்தான் கட்டணம். யாரும் சொல்லாமல் அவனே அதைத் திருத்தினான். திருத்தியபின் எட்டு பைட் அதிகம் என்று அவனுக்கே உறுத்தியிருக்கிறது. ஆர்.எஃப்.சி.யைப் புரட்டினான். ஹலோ என்பது உண்மையில் ஒரு தாவலோடு நிற்கும் பாதை-பதில் செய்தி. அதில் 9 பிட் ஒன்றுக்கும் பயன்படாமல் ஒதுக்கி வைக்கப்பட்டிருக்கிறது. 9 பிட் என்றால் 512 படிகள். தொடக்க பேட்டரி 100 ஜூல் என்பதால் ஒரு படிக்குச் சுமார் 0.2 ஜூல். பழைய 24 பைட்டுக்குள்ளேயே, நெறிமுறை அனுமதிக்கும் இடத்துக்குள்ளேயே, பக்கத்து நோடின் பேட்டரி உட்கார்ந்துவிட்டது.

புதிய வரைபடத்தில் இரண்டு கோடுகளுக்கும் இடையில் முன்பிருந்த இடைவெளியில் பெரும்பகுதி காணவில்லை. ஆனாலும் அவன் கோடு மேலேதான் இருந்தது. அதை வைத்துக்கொண்டு அவன் நின்ற நிற்பில் அன்றைய ரிவ்யூவில் இருந்த பரபரப்பு இல்லை.

வைவா முடிந்து எல்லோரும் கிளம்பியபின் லேப்டாப்பைத் திறந்து டிரேஸ் ஃபைலில் ஓர் இடத்தைக் காட்டினான். பன்னிரண்டாம் நோட் தன் பேட்டரி இவ்வளவு என்று ஹலோவில் சொல்கிறது. கேட்ட நோட் அதை நம்பி அந்த வழியாகப் பாக்கெட்டுகளை அனுப்பத் தொடங்குகிறது. அடுத்த ஹலோவுக்கு முன்னாலேயே பன்னிரண்டாம் நோடின் பேட்டரி தீர்ந்துவிடுகிறது. அனுப்பிய இரண்டு பாக்கெட்டுகள் போய்ச் சேரவில்லை.

“முன்னாடி இந்த ரெண்டும் விழவே விழாது சார்” என்றான்.